பொட்டலம் மடித்த காகிதம்

போன மாதம் சிகரெட்டுக்கு மறுபடியும் வரி ஏறியது. ஏறிய மூன்றாம் நாள் பிரபாகர் போன் செய்தான். என்னிடம் வேலை பழகியவன், இன்று என்னைவிடப் பெரிய நாற்காலியில் இருக்கிறான்.

"சார், ஒரு பெட்டிக்கடைக் கேஸு. சரக்கு இருக்கு, பில்லு இல்ல. அந்தாளு ஒழுங்கா வாங்குனதுன்னுதான் மனசுக்குப் படுது. நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டான்.

நான் என்ன செய்தேன் என்பதை போனில் சொல்ல வாய் வரவில்லை. "நாளைக்குச் சொல்றேம்ப்பா" என்று வைத்துவிட்டேன். அந்த நாளை போய் இருபது நாள் ஆகிவிட்டது. சொல்ல முடியாததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

விற்பனை வரியில் முப்பத்து மூன்று வருடம் குப்பை கொட்டியவன் நான். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. இப்போது அங்கே இருப்பவர்களுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்லை, அவர்கள் தலையில் ஏன் கட்ட வேண்டும்? பயிற்சிக் காலத்தில் சட்டப் பிரிவுகளைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். அதெல்லாம் மறந்துவிட்டது. மறக்காதது, என்னை முதன்முதலாகக் கடைத் தணிக்கைக்குக் கூட்டிப்போன மூத்த எழுத்தர் சொன்னது. "பில்லு எங்கேன்னு கேளு. கேட்டதும் கடைக்காரன் கண்ணு மொதல்ல எங்க போகுதோ, அங்க போய்த் தேடு." பல தடவை இது பலித்திருக்கிறது. அரிசி மூட்டைக்கு அடியிலிருந்தும் சாமி படத்துக்குப் பின்னாலிருந்தும் சீட்டு எடுத்திருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அது அந்தந்த மாநிலமே புகையிலைச் சாமான்களுக்கு வரி போட்டுக்கொண்டிருந்த காலம். நம் ஊரில் ஒரு வரி, பாண்டிச்சேரியில் அதைவிடக் குறைந்த வரி. அங்கிருந்து லாரி லோடுகளுக்கு அடியில் சிகரெட் பெட்டிகள் வரும். இங்கே வரி கட்டிய சரக்குக்கும் அதற்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. பில் ஒன்றுதான் அத்தாட்சி. பில் இல்லாத சரக்கு என்றால் அதற்கான வரியைக் கடைக்காரர் தலையில் போட்டு, மேலே அபராதமும் போடலாம்.

வரி ஏறும்போது அரசாங்கத்தை யாரும் திட்டுவதில்லை, பெட்டிக்கடைக்காரரைத்தான் திட்டுவார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பாதை முழுக்க அந்தத் திட்டைக் கேட்டிருக்கிறேன். "நேத்து ஒரு வெல, இன்னைக்கு ஒரு வெலயா? ஒம் பாட்டுக்கு ஏத்துவியா?" எங்கள் பக்கத்தில் பாக்கெட்டாக வாங்குகிறவர்கள் குறைவு, ஒன்று இரண்டு என்று உதிரியாகத்தான் வாங்குவார்கள். ஒரு சிகரெட்டின் விலை சில்லறைக்கு ஒத்துவராமல் போய் நின்றால், மீதிக்கு மிட்டாய் கொடுத்தே கடைக்காரர் ஓய்ந்துபோவார். சிகரெட் பிடித்தவர் பீடிக்கு இறங்குவார், அல்லது டவுனுக்குப் போகும்போது மொத்தமாக வாங்கிக்கொள்வார். அவர் வராவிட்டால் அவர் கூடவே வாங்கும் வாழைப்பழமும் டீத்தூளும் சோப்பும் விற்காது. சிகரெட்டில் லாபம் ஒன்றும் பெரிதாகக் கிடையாது. ஆளைக் கடைக்குக் கூட்டிவருவது அதுதான்.

பட்ஜெட் நெருங்கினால் வசதியுள்ள கடைக்காரர்கள் சரக்கை வாங்கி உள்ளே போட்டுக்கொள்வார்கள். விலை ஏறிய அன்றைக்கு "ஸ்டாக் இல்ல" என்று கையை விரிப்பார்கள். நான்கு நாள் கழித்து அதே பழைய சரக்கு புது விலைக்கு வெளியே வரும். எங்களுக்கும் இது தெரியும். பில் இருக்கும், வரி கட்டியிருக்கும். எங்கள் சட்டத்தில் அது குற்றமில்லை, கேட்கவேண்டிய துறை வேறு என்று நகர்ந்துவிடுவோம்.

அப்போது எனக்கு அதிகாரியாக இருந்தவர் தேவசகாயம். அவரைப் பற்றி ஒன்றும் குறையாகச் சொல்ல முடியாது, அதுதான் என் சங்கடம். குரலை உயர்த்த மாட்டார். கடைக்காரர்களை "அய்யா", "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். சோதனைக்குப் போகும்போது தண்ணீர் பாட்டில் கொண்டுபோவார், கடைப் பக்கத்தில் டீ கூடக் குடிக்க மாட்டார். சோதனையில் கண்டதைப் பதிகிற மகஜரை எழுதும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் அவரே சொல்லுவார், நான் எழுதுவேன். எழுதியதைச் சத்தமாகத் திருப்பி வாசிக்கச் சொல்லுவார். கடைக்காரருக்குப் புரிகிறதா என்று முகத்தைப் பார்ப்பார். புரியவில்லை என்றால் மறுபடியும் முதலிலிருந்து. ஒரு தடவை என் சக ஊழியர் ஒருவர் மகஜரில் பார்க்காத அலமாரியைப் பார்த்ததாக எழுதிவிட்டார். தேவசகாயம் திட்டவில்லை. அமைதியாக ஒரு மெமோ கொடுத்தார். அந்த மெமோவால் அந்த மனுஷனுக்குப் பதவி உயர்வு மூன்று வருடம் தள்ளிப்போயிற்று.

ஒரு வருடம் வரி ஏறிய ஒரு வாரத்தில் ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. பரளச்சிக்குத் தெற்கே ஒரு ஊரில், பஸ் நிற்கிற இடத்தில் இருளாயி ஸ்டோர் என்று ஒரு பெட்டிக்கடை. அங்கே மட்டும் சிகரெட் பழைய விலைக்கு விற்கிறது, பாண்டிச்சேரிச் சரக்கு இல்லாவிட்டால் எப்படிக் கட்டுப்படியாகும் என்று எழுதியிருந்தது. பக்கத்து ஊர்க் கடைக்காரர் யாராவது எழுதியிருப்பார். வேறு யாருக்கு வயிறு எரியும்?

வழக்கம்போல என்னை முன்னால் அனுப்பினார்கள். எங்களில் வெற்றிலை போடுகிறவன் நான் ஒருவன்தான். வெற்றிலை போடுகிற ஆளைப் பார்த்து யாரும் அதிகாரி என்று சந்தேகப்பட மாட்டார்கள். ஜீப்பை ஊருக்கு வெளியே, கடை வாசல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், வேலிக்கருவைக் காட்டோரம் நிறுத்திவிட்டு, நான் மட்டும் பஸ்ஸில் போய் இறங்கினேன். சாமானை வாங்க வேண்டும், பில் கேட்க வேண்டும். வாங்கியதைப் பிரிக்காமல் கவரில் போட்டு ஃபைலோடு சேர்க்க வேண்டும். சோதனைக் கொள்முதல் என்று அதற்குப் பெயர்.

கடையில் நாற்பதை ஒட்டிய ஒரு அம்மாள் இருந்தார். அவர்தான் இருளாயி. ஒரு பாக்கெட் சிகரெட்டும் வெற்றிலை பாக்கும் கேட்டேன். கம்பியில் குத்தியிருந்த துண்டுக் காகிதங்களில் ஒன்றை உருவினார். வெற்றிலையைத் துடைத்து அதில் வைத்தார்.

"பொகையில வைக்கவா சார்?"

"வைங்கம்மா."

"சுண்ணாம்பு கூடக் கொஞ்சம் வச்சிருக்கேன். வெயிலுக்குக் காஞ்சு போகும்" என்று மடித்துக் கொடுத்தார். நான் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சிகரெட்டுக்குப் பழைய விலைதான் கேட்டார்.

"மத்த கடையில எல்லாம் ஏத்திட்டாங்களே?" என்றேன்.

"இதுல அச்சடிச்சிருக்கிறது இந்த வெலதான் சார். நான் வாங்குனதும் பழைய வெலைக்குத்தான். கூடக் கேட்டா நாக்கு கூசாது?"

"பில்லு குடுங்கம்மா" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு பாக்கெட்டுக்குப் பில்லா? எந்த ஊரு சார் நீங்க?" என்றார். நான் தெருவில் இறங்கிக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தேன். அதுதான் அடையாளம். ஜீப் வந்தது.

ஜீப்பிலிருந்து இறங்கியவர்களோடு நானும் திரும்பி நடந்துவந்ததைப் பார்த்ததும் இருளாயியின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. தேவசகாயம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, "பயப்படாதீங்கம்மா. இந்தச் சரக்கு வாங்கின பில்லைக் காட்டுங்க" என்றார். அந்த அம்மாள் முதலில் என்னைத்தான் பார்த்தார். காட்டிக்கொடுத்தவன் மேல் கோபம் என்று நினைத்து நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

"அருப்புக்கோட்டை ஏஜெண்டுக்கிட்ட வாங்குனது சார். பில்லு குடுத்தாக. இங்கனதான் வச்சேன்" என்று தகர டப்பாவைக் கவிழ்த்தார். பிறகு கம்பியைப் பார்த்தார். கையிலிருந்த டப்பா அப்படியே நின்றுவிட்டது. "கிழிச்சுப் பொட்டலம் மடிச்சுட்டேன் போலிருக்கே சார்."

வேறு அதிகாரியாக இருந்தால் அங்கேயே சிரித்திருப்பார். தேவசகாயம் சிரிக்கவில்லை. கம்பியில் இருந்த காகிதம் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்கச் சொன்னார். பழைய கேள்வித்தாள், காலண்டர் தாள், கல்யாணப் பத்திரிகை, கணக்கு நோட்டு. ஒரு மணி நேரம் குனிந்து பார்த்தோம். பில் இல்லை. "பொட்டலம் மடிக்க வைத்திருந்த காகிதங்கள் முழுவதையும் பரிசோதித்தோம், கொள்முதல் பட்டியல் எதுவும் காணப்படவில்லை" என்று அவர் சொன்னார், நான் எழுதினேன். சத்தமாக வாசித்தும் காட்டினேன். இருளாயி எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். சரக்கை ஜீப்பில் ஏற்றினோம். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "கள்ளச் சரக்காம்ல" என்று ஒருவர் சொன்னது எனக்கே கேட்டது.

விசாரணைக்கு வந்தபோதுதான் அவர் கதை தெரிந்தது. புருஷன் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச காலம் அண்ணன் வீட்டில் இருந்தார். மதினி வாயில் விழுந்து எழுந்தது போதும் என்று ஆடு வளர்த்து, அதை விற்றுக் கடை போட்டவர். பட்ஜெட்டுக்கு முன்னால் மிச்ச ஆட்டையும் விற்றுச் சரக்கு எடுத்திருக்கிறார். மற்றவர்கள் போல் விலையேற்றி விற்க அல்ல.

"வெல ஏறுனா, வேலிக்கருவைய வெட்டிக் கரிமூட்டம் போடுற ஆளுக கடைப்பக்கம் எட்டிப் பாக்க மாட்டாக சார். ரெண்டு மாசம் பழைய வெலைக்கே ஓட்டிட்டா, அதுக்குள்ள புது வெல பழகிரும், நம்ம கடையும் பழகிரும்னு நெனச்சேன். கொறச்சு வித்தது குத்தமா சார்?"

"குத்தம் இல்லம்மா. பில் வேணும்" என்றார் தேவசகாயம். அருப்புக்கோட்டை ஏஜெண்டைக் கேட்டோம். "பட்ஜெட் நேரத்துல எத்தனையோ பேருக்கு ரொக்கத்துக்குப் போட்டிருக்கோம். பில் நம்பர் இருந்தாச் சொல்லுங்க, எடுத்துத் தர்றேன். நம்பர் இல்லாம எங்கன்னு தேடுறது?" என்றார். எங்களைத் தன் குடோனுக்குள் விட அவருக்கு மனசில்லை, அது தெரிந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை.

சோதனை நடந்த பதினோராவது நாள். உத்தரவு எழுதுவதற்காக ஃபைலைத் தயார் செய்துகொண்டிருந்தேன். சோதனைக் கொள்முதல் கவரிலிருந்து அழுகல் நாற்றம் வந்தது. வெற்றிலையை அப்படியே கவருக்குள் போட்டிருந்தேன். வெற்றிலையைக் குப்பையில் போட்டுவிட்டுக் காகிதத்தை மட்டும் வைக்கலாம் என்று பொட்டலத்தைப் பிரித்தேன். சுண்ணாம்பும் சாறும் ஊறிய மஞ்சள் காகிதம். உட்பக்கம் அச்சடித்த எழுத்து. ஏஜெண்ட் கடையின் பெயர், பில் நம்பர், தேதி, அதற்குக் கீழே கார்பன் எழுத்தில் இருளாயி ஸ்டோர். கீழ்ப் பாதி இல்லை. நம்பர் இருந்த மேல் பாதி முழுசாக இருந்தது.

கடையில் இருந்த எல்லாக் காகிதத்தையும் பார்த்தோம், என் சட்டைப்பையில் இருந்ததைத் தவிர. இருளாயியின் கண் முதலில் என் பக்கம்தான் வந்தது. அவர் தெரிந்து பார்த்தாரா என்றால் இல்லை. ஆனாலும் மூத்த எழுத்தர் சொன்னபடி நான் அங்கே தேடியிருக்க வேண்டும்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு தேவசகாயத்தின் அறை வாசல் வரைக்கும் போனேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன், வாசல் வரைக்கும் போனேன். ஒரு போன் போட்டு நம்பரைச் சொன்னால் ஏஜெண்ட் எடுத்துத் தந்துவிடுவார், சரக்கு திரும்பிப் போய்விடும். ஆனால் மகஜர் பொய்யாகிவிடும். எழுதியவன் நான், சோதனைக் கொள்முதல் செய்தவனும் நான். பதவி உயர்வுப் பட்டியலில் அந்த மாதம் என் பெயர் இருந்தது. மூத்த மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். சக ஊழியரின் மெமோ கண்ணில் வந்து நின்றது.

தேவசகாயம் நிமிராமலே, "என்னய்யா?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார். வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு வேணும்."

"எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். காகிதத்தை என் டிபன் பைக்குள் வைத்தேன். கவருக்குள் வேறொரு துண்டுப் பேப்பரை மடித்துப் போட்டேன். இதைச் செய்வதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வரியும் அபராதமும் போட்டு உத்தரவு வந்தது. அந்தத் தொகைக்குக் கடையை மூன்று தடவை விற்றாலும் காணாது.

உத்தரவுக்குப் பிறகு இருளாயி ஒரு தடவைதான் வந்தார். வராண்டா பெஞ்சில் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். நான் கழிப்பறைக்குக்கூடப் பின்வாசல் வழியாகப் போனேன். கடைசியில் அவரே மேஜைக்கு வந்துவிட்டார்.

"சார், சரக்கு போனாப் போகுது. நான் பில்லு வச்சிருந்தேன்னு மட்டும் எழுதித் தர முடியுமா? எங்கண்ணன்கூட நம்ப மாட்டேங்குறாக. கள்ளச் சரக்கு வித்தவன்னு ஊருல பேராயிருச்சு சார்."

"அப்படியெல்லாம் எழுதித் தர முடியாதும்மா. மேல அப்பீல் போங்க" என்றேன். அப்பீலுக்கு முதலில் ஒரு பகுதியைக் கட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அவரிடம் கட்ட ஒன்றும் இல்லை என்பதும் தெரியும். "சரி சார், வாரேன்" என்று போனார். அதற்குப் பிறகு கடை திறக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

எனக்குப் பதவி உயர்வு வந்தது. அன்றிலிருந்து வெற்றிலை போடுவதில்லை. உடம்புக்கு நல்லது என்று விட்டதாக வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். தேவசகாயம் ஓய்வு பெற்று இரண்டே வருடத்தில் காலமாகிவிட்டார். துஷ்டி கேட்கப் போனபோது அவர் மகன், "அப்பா உங்க மகஜரைப் பத்திப் பெருமையா சொல்லுவாங்க சார்" என்றான். நான் மாலையைப் போட்டுவிட்டு உட்காராமல் வந்துவிட்டேன்.

அந்தக் காகிதத்தை நான் கிழித்துப் போடவில்லை. பேங்க் பாஸ்புக் உறைக்குள் வைத்திருந்தேன். பிரபாகர் போன் செய்த பிறகு நாலு ராத்திரி சரியாகத் தூக்கம் இல்லை. போன வாரம் அருப்புக்கோட்டை போய், பரளச்சி பஸ் ஏறினேன்.

கடை இருந்த இடத்தில் சிமெண்டுத் தளம் மட்டும் இருக்கிறது. ஆடுகள் படுத்திருந்தன. விசாரித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் மிளகாய் வத்தலைக் குவித்து உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார் இருளாயி. தலை முழுக்க நரைத்துவிட்டது. உள்ளேயிருந்து மதினி, "யாரு அது? கிள்ளுறத விட்டுட்டு என்ன பேச்சு?" என்று கேட்டார். வந்தவன் சேலைத் தவணைக்காரன் என்று நினைத்திருப்பார்.

யார் என்று சொன்னேன். இருளாயிக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. "வெத்தல வாங்குன சார்" என்றார். நான் காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். மிளகாய்க் காரம் பட்ட கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"எங் கடைப் பேரு" என்றார். "இது எங்கன இருந்துச்சு சார்?"

"அன்னைக்கு நீங்க வெத்தல மடிச்சுக் குடுத்தீங்கள்ல. அந்தப் பொட்டலம்."

"எப்பப் பாத்தீக?"

பதினோராவது நாள் என்று சொல்லத்தான் அத்தனை தூரம் போயிருந்தேன். பஸ்ஸில் நாலு தடவை மனசுக்குள் சொல்லியும் பார்த்திருந்தேன்.

"இப்பத்தாம்மா. ரிட்டயராகும்போது ஆபீஸ்லருந்து கொண்டுவந்த சாமானை ஒதுக்குறப்பப் பாத்தேன்" என்றேன்.

அவர் எழுந்து வாசற்படியில் நின்று, "மதினி, இங்க வாங்க. பில்லு இருந்துச்சுன்னு சொன்னேன்ல? இந்தா பாருங்க. எம் பேரு போட்டிருக்கு. நான் கள்ளச் சரக்கு விக்கல" என்றார். மதினி வந்து பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. "இப்ப இத வச்சு என்ன செய்ய?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

இருளாயி காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் எழுந்தேன். என் முகம் எப்படி இருந்ததோ, அவர் எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"மனசப் போட்டு ஒழப்பிக்காதீக சார். நாந்தான மடிச்சுக் குடுத்தேன், ஒங்க மேல என்ன குத்தம்? எத்தன வருசம் கழிச்சும் இதக் குடுக்க இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக. அன்னைக்கே பாத்திருந்தா அன்னைக்கே எடுத்துக் குடுத்திருப்பீகள்ல?"

"ஆமாம்மா" என்றேன்.